ஐஸ் ஹவுஸ் சொல்லும் வெப்பக் கணக்கு

மயிலாப்பூரிலிருந்து கடற்கரைச் சாலை வழியாக வடக்கே போகும்போது, மெரினாவுக்கு எதிரே வளைந்த முகப்புடைய பழைய கட்டடம் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். 1897-இல் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார். அதனால் 1963-இல் அதற்கு விவேகானந்தர் இல்லம் என்று பெயர் சூட்டினார்கள். ஆனாலும் அந்த வட்டாரத்துக்கு மக்கள் வாயில் இன்றும் 'ஐஸ் ஹவுஸ்' என்பதே பெயர். பெயரில் உள்ள ஐஸ் எங்கிருந்து வந்தது தெரியுமா? அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஏரிகளிலிருந்து!

பாஸ்டன் நகர வணிகர் பிரெடரிக் டியூடர் 1842-இல் கட்டிய கிடங்கு அது. குளிர்காலத்தில் ஏரிகளின் மேற்பரப்பு உறைந்ததும், குதிரை இழுக்கும் வெட்டுக்கருவியால் பனியைச் சதுரப் பாளங்களாக அறுத்து எடுப்பார்கள். அவற்றைக் கப்பலின் அடித்தளத்தில் இடைவெளியின்றி அடுக்கி, சுற்றிலும் மரத்தூளைத் திணிப்பார்கள். சூயஸ் கால்வாய் 1869-இல்தான் திறக்கப்பட்டது. எனவே கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு, பூமத்திய ரேகையை இருமுறை கடந்து வரவேண்டியிருந்தது. சென்னையில் அப்போது துறைமுகமும் கிடையாது. கப்பல் தொலைவிலேயே நங்கூரமிடும். மசூலா படகுகள்தாம் அலைகளைத் தாண்டிச் சரக்கைக் கரை சேர்க்கும். தோரோ என்ற அமெரிக்க எழுத்தாளர், தாம் கரையில் குடியிருந்த வால்டன் குளத்துப் பனி வெட்டப்படுவதைக் கண்டு, அதைப் பருகப்போகும் ஊர்களுள் ஒன்றாக நம் சென்னையையும் குறிப்பிட்டிருக்கிறார்.

இவ்வளவு வெப்பத்தைத் தாண்டிப் பனிக்கட்டி எப்படித் தப்பியது? 1833-இல் டியூடர் 'டஸ்கனி' என்ற கப்பலில் கல்கத்தாவுக்கு முதன்முதலாக 180 டன் பனிக்கட்டி அனுப்பினார். நான்கு மாதப் பயணத்துக்குப் பின் ஏறத்தாழ 100 டன் மிஞ்சியது. 80 டன் நஷ்டம் என்று கணக்குப்பிள்ளை எழுதியிருப்பார். இயற்பியல் படிப்பவர்கள் வேறு விதமாகக் கேட்க வேண்டும்: அந்த 80 டன்னைக் கரைக்க எவ்வளவு வெப்பம் கப்பலுக்குள் புகுந்திருக்கும்?

0 பாகை செல்சியஸில் உள்ள 1 கிராம் பனிக்கட்டி, அதே 0 பாகையில் நீராக மாறுவதற்கு 80 கலோரி வெப்பம் தேவை. இதுதான் நீங்கள் பாடநூலில் படித்த உள்ளுறை வெப்பம். ஸ்காட்லாந்தில் ஜோசப் பிளாக் 1760-களிலேயே இதை ஆராய்ந்து அளந்துவிட்டார். அதே 80 கலோரியை 1 கிராம் குளிர்ந்த நீருக்குக் கொடுத்திருந்தால், அது 0 பாகையிலிருந்து 80 பாகைக்குச் சூடேறியிருக்கும். கையை வைக்க முடியாது. 80 டன்னுக்குக் கணக்கிட்டால் 640 கோடி கலோரி வருகிறது. இத்தனையும் உள்ளே நுழைந்த பிறகும், அந்தப் பனிக்கட்டிகளுக்கு நடுவே ஒரு வெப்பமானியைச் செருகி வைத்திருந்தால் அது முதல் நாளும் கடைசி நாளும் சுமார் 0 பாகையையே காட்டியிருக்கும்! எவ்வளவு கரைந்தது என்று அறிய டியூடருக்கு வெப்பமானி பயன்படாது, தராசுதான் வேண்டும்.

1870-களில் இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் தொழில் சென்னைக்கும் வந்துவிட்டது. கப்பல் பனிக்கு மவுசு போயிற்று. பிறகு வழக்கறிஞர் பிலிகிரி அய்யங்கார் கட்டடத்தை வாங்கி வீடாக மாற்றினார். அதன் பிற்காலக் கதை சுவையானது, ஆனால் நம் பொருளுக்கு அப்பாற்பட்டது.

டியூடரின் சிக்கல் மட்டும் தீரவில்லை. துருவங்களின் பனியை ஆராய்பவர்கள் எதிர்கொள்வதும் அதே சிக்கல்தான். கரைந்துகொண்டிருக்கும் பனி, தான் வாங்கிய வெப்பத்தை வெப்பமானிக்குக் காட்டுவதில்லை. ஆகவே அதை வேறு வழிகளில் கண்டுபிடிக்க வேண்டும். அந்த வழிகளுள் ஒன்றில் சென்னைக்கும் பங்குண்டு. பள்ளிக்கரணையில் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. அதன் பொறியாளர்களும் கோவாவிலுள்ள துருவ ஆய்வு மையத்தினரும் சேர்ந்து, 2014 ஜூலையில் 'இண்ட்-ஆர்க்' என்ற கருவித்தொகுதியை ஆர்க்டிக் கடலில் இறக்கினார்கள். இடம், நார்வேக்கும் வட துருவத்துக்கும் நடுவழியிலுள்ள ஸ்வால்பார்டு தீவுகளின் காங்ஸ் நுழைகுடா. அங்கே ஆழம் 192 மீட்டர். அடியில் நங்கூரமிட்ட கயிற்றில் வெவ்வேறு ஆழங்களில் கட்டப்பட்ட கருவிகள், நீரின் வெப்பநிலை, உப்புத்தன்மை, நீரோட்டம் ஆகியவற்றைப் பதிவு செய்கின்றன.

உப்பை ஏன் அளக்க வேண்டும்? அந்தக் குடாவின் ஓரத்தில் பனியாறுகள் நேரே கடலில் வந்து முடிகின்றன. அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீர் உள்ளே புகுந்து அவற்றைக் கீழிருந்து அரிக்கிறது. 80 கிராம் நீர் 1 பாகை குளிர்ந்தால், அந்த வெப்பத்தில் ஏறத்தாழ 1 கிராம் பனி கரையும். பனியாறு வானத்திலிருந்து விழுந்த பனியாலானது, அதில் உப்பில்லை. எனவே கரைந்த நீர் கலக்கும் இடத்தில் கடலின் உப்பு குறையும். வெப்பநிலையையும் உப்பையும் சேர்த்துப் பார்த்தால்தான் கரைதல் பிடிபடும்.

டியூடருக்குத் தேவைப்பட்ட தராசும் இன்று உண்டு, அதுவும் விண்வெளியில்! 2002-இல் ஏவப்பட்ட 'கிரேஸ்' என்ற இரட்டைச் செயற்கைக்கோள்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்தன. கீழே நிறை மிகுந்த பகுதி வந்தால் அதன் ஈர்ப்பு முன்னே செல்வதைச் சற்று முன்னதாக இழுக்கும். இரண்டுக்கும் இடையிலான தூரம் மாறும். அந்த நுண்ணிய மாற்றத்திலிருந்து கீழேயுள்ள பனியின் நிறையைக் கணித்தார்கள். 2018 முதல் அதன் வாரிசான இன்னொரு இணை இப்பணியைத் தொடர்கிறது. இவற்றின்படி கிரீன்லாந்து ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 27,000 கோடி டன் பனியை இழந்து வந்திருக்கிறது. 36,000 கோடி டன் கடலில் சேர்ந்தால் உலகக் கடல்மட்டம் 1 மில்லிமீட்டர் உயரும்.

எல்லாப் பனியும் கடலை உயர்த்துமா? ஒரு டம்ளரில் விளிம்பு வரை நீர் ஊற்றி ஐஸ் துண்டு ஒன்றை மிதக்க விடுங்கள். அது முழுவதும் கரைந்தாலும் நீர் வழியாது. மிதக்கும்போதே அது தன் எடைக்குச் சமமான நீரை விலக்கி இடம் பிடித்துவிட்டதல்லவா? வட துருவக் கடலில் மிதக்கும் பனியும் ஏறக்குறைய இப்படித்தான். தரைமேல் கிடக்கும் கிரீன்லாந்து, அண்டார்க்டிகாப் பனியின் கதை வேறு. அது கடலுக்குள் வந்தால் அத்தனையும் கூடுதல் வரவு.

இதில் நமக்குச் சற்றுக் கசப்பான ஒரு செய்தியும் உண்டு. கிரீன்லாந்தின் பெரும் பனித்திரள் தன்னைச் சுற்றியுள்ள கடல்நீரைத் தன் ஈர்ப்பால் இழுத்து வைத்திருக்கிறது. பனி குறையும்போது அந்தப் பிடி தளர்கிறது. நீர் அங்கிருந்து விலகி, தொலைவிலுள்ள வெப்பமண்டலக் கடல்களில் சேர்கிறது. கிரீன்லாந்துக்கு அருகே கடல் தாழவும் கூடும். சென்னை போன்ற இடங்களிலோ உயர்வு உலகச் சராசரியைவிடச் சற்று மிகும்.

"மெரினாவில் கடல் பின்வாங்கித்தானே இருக்கிறது?" என்று என் மாணவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். 1842-இல் ஐஸ் ஹவுஸுக்கு இன்றைவிட மிக அருகில் அலைகள் அடித்தன. 1870-களில் கடலுக்குள் துறைமுகம் கட்டத் தொடங்கியதும், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அதில் தடுபட்டுத் தேங்கி மெரினாவை அகலமாக்கியது. மணல் கிடைக்காத ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் கரை அரிக்கப்பட்டது; அங்கே பாறைகளைக் கொட்டித் தடுப்புச் சுவர் எழுப்ப வேண்டியதாயிற்று. கரை எங்கே இருக்கிறது என்பது வேறு, கடல்மட்டம் எவ்வளவு என்பது வேறு. செயற்கைக்கோள்கள் 1993 முதல் அளந்துவரும் உலகச் சராசரிக் கடல்மட்டம் இதுவரை சுமார் 10 சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது. அதில் ஒரு பகுதி நீர் சூடாகி விரிவதால் வந்தது. மற்றொரு பெரிய பகுதி கரைந்த நிலப்பனி.