கோவிவன் என்ற நாயும் கைப்பேசி கேமராவும்

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் பக்கம் நின்று "பல்லவர் காலக் கல்வெட்டு எங்கே இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மாமல்லபுரத்துக்குத்தான் வழி சொல்வார்கள். நம்ம மாவட்டத்திலேயே, தண்டராம்பட்டுப் பக்கம் எடுத்தனூரில் ஒன்று இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது 7ஆம் நூற்றாண்டு. எருமைகளுக்கான சண்டையில் செத்துப்போன கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த நடுகல் அது. அவன் பின்னால் ஒரு நாய். கோவிவன் என்ற அதன் பெயரையும், அது கள்ளரைக் கடித்துக் காவல் நின்றதையும் தனியாகவே வெட்டியிருக்கிறார்கள்.

இந்தக் கல்லைப் பாடத்தில் எப்படிக் காட்டுவது? வெறும் எழுத்தாக அச்சடித்தால் நாய் காணாமல் போகும். வெறும் படமாகப் போட்டால் அதன் பெயர் போகும்.

மைப்படி பழைய உத்தி. கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, பிரஷால் அடித்து, மை ஒற்றி எடுப்பார்கள். கறுப்பில் எழுத்து வெள்ளையாய்த் தெரியும். 1972இல் தொல்லியல் துறைக்காக இரா. நாகசாமி பதிப்பித்த 'செங்கம் நடுகற்கள்' தொகுதிக்குப் பின்னால் இப்படிப்பட்ட உழைப்பு இருக்கிறது. எழுத்துக்கு மைப்படியை அடிச்சுக்க ஆளில்லை. ஆனால் புடைப்புச் சிற்பம் அதில் தட்டையாகிவிடும்.

2018இல் தமிழ்நாட்டுப் புதிய பாடநூல்களில் கியூஆர் கோடு வந்தது. நல்ல யோசனைதான். ஆனால் நான் பார்த்த வரலாற்றுக் காணொலிகள் பலவற்றில் ஒருவர் பாடத்தை வாசிக்கிறார், பின்னால் படம் மாறுகிறது, அவ்வளவுதான். கேட்கும் பிள்ளைக்குச் செய்ய எதுவுமில்லை.

இதைவிட, பிள்ளைகளையே படமெடுக்கச் சொல்லலாம். கல்லைச் சுற்றி வந்து, ஒன்றன்மேல் ஒன்று பாதி படியும்படி அறுபது எழுபது படம் எடுத்தால், மென்பொருள் அதை முப்பரிமாண உருவாக்கித் தரும். நடுகல் எழுத்து வட்டெழுத்து. திரையில் திருப்பித் திருப்பி ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டலாம்.

அவசரமும் உண்டு. இந்தப் பகுதியில் பல நடுகற்கள் வேடியப்பனாகக் கும்பிடப்படுகின்றன. எண்ணெயும் மஞ்சளும் ஏற ஏற எழுத்து மறைகிறது. அதற்காகக் கல்லைத் தேய்க்கக் கிளம்பிடாதீங்க; ஊர்க்காரர்களுக்கு அது சாமி. கேட்டுக்கொண்டு எடுங்கள். எழுத்தின் மேல் சாக்பீஸ் கோடு போடவும் வேண்டாம். ஒருத்தர் தப்பாகப் போட்டால் அடுத்தவரும் அதையேதான் படிப்பார். பொழுது சாய்ந்தபின் டார்ச்சைப் பக்கவாட்டில், கல்லை ஒட்டிப் பிடியுங்கள். பகலில் மொட்டையாகத் தெரிந்த இடத்திலும் நிழல் விழுந்து எழுத்து எழும்பும்.