காலை எட்டு மணிக்கு வரும் புலவர்

தரங்கம்பாடிக்கு வருகிறவர்கள் டேனிஷ் கோட்டையைப் பார்ப்பார்கள். ராஜ வீதியில் 1718இல் கட்டி முடிந்த புதிய எருசலேம் ஆலயத்துக்குள் போய், ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கின் கல்லறையைப் பார்ப்பார்கள். கடற்கரையில் அவர் கரையிறங்கியதைக் குறிக்கும் நினைவுச்சின்னத்தின் அருகே நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். பக்கத்துப் பொறையாறில் தமிழாசிரியராக இருந்த எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிவது, அவர் ஊருக்கு எழுதிய கடிதம் ஒன்றில் இருக்கும் ஒரு கால அட்டவணைதான். காலையில் எழுந்து இரவு படுக்கும்வரை தன் பொழுது எப்படிப் போகிறது என்று மணிக்கணக்காக எழுதியிருக்கிறார். அதைப் படித்த பிறகு அவரைப் பாதிரியாராக நினைப்பதைவிட மாணவராக நினைப்பதே எனக்கு எளிதாகிவிட்டது.

அவர் வந்தது 1706 ஜூலை 9ஆம் தேதி. வயது 23. ஜெர்மனியின் சாக்சனி நாட்டில் புல்ஸ்நிட்ஸ் என்ற சிற்றூரில் பிறந்து, சிறுவயதிலேயே தாய் தந்தை இருவரையும் இழந்தவர். உடல்நலம் அடிக்கடி கெட்டதால் படிப்பையும் முழுதாக முடிக்க முடியவில்லை. ஹாலே நகரில் பேராசிரியர் பிராங்கேயிடம் பயின்றதுதான் அவருக்குப் பிடிமானம். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக் தன் கிழக்கிந்தியக் குடியேற்றத்துக்கு ஆள் தேடியபோது இவரும் ஹைன்ரிக் புளுட்சோவும் தேர்வானார்கள். 1705 நவம்பர் இறுதியில் கப்பலேறினார்கள். ஏழு மாதத்துக்கும் மேல் கடலில் கழிந்தது.

அந்த ஏழு மாதத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு கடிதம் போய்ச் சேர அவ்வளவு காலம் ஆகும் என்றால், பதில் வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். கப்பல் வந்தால்தான் கடிதம், காற்று திரும்பினால்தான் கப்பல். “உடம்பு சரியில்லை” என்று எழுதினால், அதைப் படித்துக் கவலைப்படுகிறவர்களின் பதில் வருவதற்குள் அந்த நோயே மறந்துபோயிருக்கும். பெற்றோர் இல்லாதவருக்கு வீடு என்று சொல்லிக்கொள்ள சகோதரிகளும் ஹாலேயின் ஆசிரியர்களும்தான் மிச்சம். அவர்களோடும் பேச்சு இந்த வேகத்தில்தான் நடந்தது.

இங்கே வரவேற்பும் இல்லை. அரசரின் ஆணையோடு வந்தவர்களைக் கோட்டைத் தளபதி ஹாசியுஸ் பகல் முழுதும் காக்க வைத்து, மாலையில் தெருவிலேயே விட்டுவிட்டுப் போனார். வியாபாரக் கம்பெனிக்கு மதபோதகர்கள் வேண்டியிருக்கவில்லை. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்து மிளகு வாங்க வந்தவர்கள் அவர்கள். ஊரார் மனம் புண்பட்டால் கொள்முதல் கெடுமே என்பது அவர்களுடைய பயம்.

இப்படித் தெருவில் விடப்பட்டவர்கள் சில மாதங்களில் செய்த காரியம்தான் என்னை வியக்க வைக்கிறது. ஊரில் திண்ணைப் பள்ளி நடத்திவந்த வயதான வாத்தியார் ஒருவரை வேண்டி, பள்ளிக்கூடத்தைத் தாங்கள் இருந்த வீட்டுக்கே கொண்டுவரச் செய்தார்கள். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்துப் போட்டபோது, இந்த இரண்டு வெள்ளைக்காரர்களும் பக்கத்தில் உட்கார்ந்து அதே ‘அ’னாவை மணலில் எழுதினார்கள். என் தாத்தா மணலில் எழுதிப் படித்தவர். விரல் நுனித் தோல் உரிந்துபோகும் என்று சொல்வார். இறையியல் படித்து, லத்தீனும் கிரேக்கமும் எபிரேயமும் அறிந்த ஓர் இளைஞர் ஐந்து வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்து அந்தத் தோலை உரித்துக்கொண்டார் என்பது சின்ன விஷயம் இல்லை.

எழுத்து வந்தது, பொருள் வரவில்லை. வாத்தியாருக்குத் தமிழைத் தவிர வேறு மொழி தெரியாது. அப்போதுதான் அழகப்பன் வந்து சேர்ந்தார். கம்பெனியில் துபாஷியாக இருந்தவர், போர்த்துக்கீசியம், டேனிஷ், டச்சு, ஜெர்மன் எல்லாம் பேசத் தெரிந்தவர். அதன் பிறகு வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். குடியேற்றத்தில் புழங்கிய போர்த்துக்கீசியம் புளுட்சோவுக்கு, தமிழ் சீகன்பால்குக்கு. எட்டு மாதத்தில் தமிழில் பேசத் தொடங்கிவிட்டார் என்கிறார்கள்.

இனி அந்த அட்டவணை. காலை வழிபாடு முடிந்ததும் ஆறிலிருந்து ஏழு மணிவரை வந்திருப்பவர்களுக்குத் தமிழில் ஞானோபதேசம். ஏழிலிருந்து எட்டுவரை, முன்பு எழுதி வைத்த சொற்களையும் தொடர்களையும் திரும்பப் படித்தல். எட்டு மணிக்கு ஒரு முதிய புலவரும் ஓர் எழுத்தரும் வருவார்கள். அப்போதிலிருந்து நண்பகல் பன்னிரண்டுவரை, தான் அதற்குமுன் படிக்காத தமிழ் நூல்களை மட்டுமே படிப்பார். புலவர் கதையை விளக்குவார், கடினமான இடத்தில் பொருள் சொல்வார். எழுத்தர் புதிய சொற்களையும் வழக்குகளையும் குறித்துக்கொள்வார். சாப்பாட்டின்போதும் யாராவது வேதம் வாசிப்பார்கள். சற்று ஓய்வு, பிறகு மீண்டும் உபதேசம். மூன்றிலிருந்து ஐந்துவரை மறுபடியும் தமிழ் நூல்கள். மாலையில்தான் தாய்மொழியில் ஜெபமும், இருவரும் உட்கார்ந்து அன்றைய நடப்பைப் பேசிக்கொள்வதும். அதற்குப் பிறகும் விடவில்லை. ஏழு மணிக்கு மேல் விளக்கு வெளிச்சத்தில் படித்தால் கண் நோகும் என்பதால், ஒருவரைத் தமிழ் நூல் வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருப்பார். எவருடைய நடை தனக்கும் படிய வேண்டும் என்று நினைத்தாரோ அந்த ஆசிரியரையே திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்வார்.

இதுதான் வாரம் முழுதும். ஞாயிறு மட்டும் வேறு மாதிரி. 1707 ஆகஸ்டில் எழுந்த முதல் சிறு ஆலயத்தில் தமிழிலும் போர்த்துக்கீசியத்திலும் ஆராதனை நடக்கும். முதலில் ஞானஸ்நானம் பெற்றவர்கள், அந்த வருடம் மே 12ஆம் தேதி, ஐரோப்பிய எஜமானர்களின் வீடுகளில் இருந்த ஐந்து அடிமைகள். மற்ற ஆறு நாளும் இரண்டு வேளை பாடம், ராத்திரியில் கேள்வி. வகுப்பில் ஒரு மணி நேரம் பிள்ளைகளை உட்கார வைக்க என்ன பாடுபட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். தன்னைத்தானே நாளுக்கு ஏழு மணி நேரம் உட்கார வைத்துக்கொண்டவரை எந்தத் தமிழாசிரியரும் மதிக்காமல் இருக்க முடியாது.

அந்தப் பாட வேளையில் எத்தனையோ நூல்கள் கடந்தன. 1708இலேயே தான் சேர்த்த தமிழ்ச் சுவடிகளுக்கு ஒரு விளக்கப் பட்டியல் எழுதினார். நூற்றுக்கும் மேற்பட்ட நூல்கள், ஒவ்வொன்றுக்கும் அது எதைப் பற்றியது, யார் படிக்கிறார்கள் என்ற குறிப்பு. அதே வருடம் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி மூன்றையும் ஜெர்மனில் பெயர்த்தார். இங்கே திண்ணையில் மனப்பாடம் செய்யப்பட்டவை அவை. சுவடி கிடைப்பது எளிதாக இல்லை. உள்நாட்டுக்கு ஆள் அனுப்பி, இறந்துபோன பிராமணர்களின் விதவைகளிடமிருந்து வாங்கிவரச் செய்தார். கணவன் போற்றி வைத்த சுவடிக் கட்டை எடுத்துக் கொடுத்துக் காசு வாங்கிய அந்தப் பெண்களை நினைக்காமல் அந்தப் பட்டியலை என்னால் புரட்ட முடிவதில்லை. தமிழ் நூல் வரலாற்றில் அவர்களுக்கும் இடம் உண்டு.

1708 நவம்பரில் அட்டவணை அறுந்தது. ஏழை நாவிதர் ஒருவரின் விதவைக்காக ஒரு கடன் வழக்கில் திரும்பத் திரும்பத் தலையிட்டதைத் தளபதி பொறுக்கவில்லை. கோட்டையில் நான்கு மாதம் சிறை. வெளியே வந்ததும் அதே எட்டு மணிக்கு அதே படிப்பு. சிறைக்குச் சற்று முன்பு, 1708 அக்டோபரில் தொடங்கியிருந்த புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை 1711 மார்ச்சில் முடித்தார். பிறகு இங்கிலாந்திலிருந்து அச்சு இயந்திரம், ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துகள், பொறையாறில் காகித ஆலை என்று நீளும் கதை ஊரறிந்தது. அதை இங்கே சொல்லவில்லை.

சொல்ல வேண்டியது வேறொன்று. அவரிடம் வேலை பார்த்த இளம் ஆசிரியர், கணபதி வாத்தியார் என்ற புலவர், 1709இல் கிறிஸ்தவரானார். பெற்றோர் அழுது மன்றாடினார்கள், சுற்றத்தார் கொதித்தார்கள். சீகன்பால்கின் எழுத்தில் இது ஒரு விசுவாசியின் உறுதிக்குச் சான்றாக வருகிறது. அந்த உறுதியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கடல் கடந்து வந்தவருக்கு வீட்டைப் பிரிந்த துயரம் தெரியும், அதே துயரம் இங்கே கடல் கடக்காமலே ஒரு குடும்பத்துக்கு வந்தது. மகன் கூப்பிடு தூரத்தில் இருந்தும் தாய்க்கு இல்லாமல் போனான். மிஷனரி வாழ்க்கையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தத் தாயையும் எழுத வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

அவருடைய மனத்துக்குள்ளும் இரண்டு பக்கம் இருந்தது. சிலை வழிபாட்டைக் கண்டித்து எழுதினார், கண்டித்தே கடைசிவரை பேசினார். அதே கை சிவவாக்கியரை விரும்பி மேற்கோள் காட்டியது. தமிழர்களுக்கு ஒழுக்கமும் அறிவும் உண்டு, ஐரோப்பாவில் நினைப்பதுபோல் காட்டுமிராண்டிகள் இல்லை என்று ஊருக்கு எழுதியது. இந்த மாற்றம் எங்கே நடந்தது என்று கேட்டால், அந்த எட்டிலிருந்து பன்னிரண்டுக்குள்தான் என்பேன். ஒரு கிழவரின் எதிரே தினமும் நான்கு மணி நேரம் உட்கார்ந்து, “இதற்கு என்ன பொருள்?” என்று கேட்டுக்கொண்டிருந்தவரால் அந்தக் கிழவரைத் தாழ்வாக நினைத்துக்கொண்டே இருக்க முடிந்திருக்காது.

1713இல் ‘தென்னிந்தியக் கடவுளர்களின் வம்சாவளி’ என்ற பெரிய நூலை எழுதி ஹாலேக்கு அனுப்பினார். எந்தத் தெய்வத்துக்கு என்ன பெயர், என்ன விழா, யார் கும்பிடுகிறார்கள் என்று தமிழர்களையே கேட்டு எழுதியது. கிராம தேவதைகளுக்கும் அதில் இடம் உண்டு. பிராங்கே அதை அச்சிட மறுத்தார். மிஷனரிகளை அனுப்பியது அந்தச் சமயத்தை வேரறுக்கத்தானே தவிர, அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்பது அவர் கருத்து. ஐரோப்பாவிலிருந்து வந்த கண்டனக் கடிதங்கள் சீகன்பால்கின் கடைசி நாட்களிலும் ஓயவில்லை. ஏழு மாதம் கடலில் வந்து சேர்ந்த கடிதத்தில் ஆறுதலுக்குப் பதில் அதட்டல் இருந்தால் தாங்குவது எப்படி? 1714இல் ஊருக்குப் போய், மரியா டோரத்தேயாவை மணந்து, 1716இல் ஹாலேயில் தன் தமிழ் இலக்கணம் லத்தீனில் அச்சேறிய பின் திரும்பி வந்தவர், 1719 பிப்ரவரி 23ஆம் தேதி 36 வயதில் இறந்தார். பழைய ஏற்பாட்டில் ரூத் ஆகமம்வரை மொழிபெயர்த்திருந்தார். மிச்சத்தைப் பின்னால் வந்த சூல்ட்சே முடித்தார்.

ஹாலேயில் கிடந்த கடவுளர் நூல் 1867இல்தான் அச்சானது, அதுவும் சென்னையில். அதில் பேசுகிற குரல்களில் பாதி தரங்கம்பாடிக்காரர்களுடையது. அழகப்பனின் பெயர் ஆய்வாளர்களுக்குத் தெரியும், கணபதி வாத்தியாரின் பெயரும் தெரியும். தன் பள்ளிக்கூடத்தையே பெயர்த்துக்கொண்டுவந்து மணலைப் பரப்பிய அந்த வயோதிகரையும், எட்டு மணிக்கு வந்த புலவரையும், எழுத்தாணி பிடித்த எழுத்தர்களையும் ஒரே இடத்தில் தொகுத்து ஒரு சிறு நூல் தமிழில் வர வேண்டும். மயிலாடுதுறைப் பக்கத்துக் கல்லூரி மாணவர் யாரேனும் இதை எடுத்துச் செய்வதானால், நான் சேர்த்து வைத்திருக்கும் குறிப்புகள் முழுவதையும் தரத் தயாராக இருக்கிறேன்.