திடலும் ஆன்டெனாவும்: ஒரு வட்டச் சிக்கல்
1979இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் கணினிகளின் மின்காந்த உமிழ்வுக்கு வரம்பு விதித்தது. தேறாத கணினியை விற்க இயலாது. ஆனால், ஒரே கணினி ஒரு சோதனைத் திடலில் தேறும், வேறொன்றில் தோற்கும். திடலைச் சரிபார்க்க அளவுத்திருத்தம் பெற்ற ஆன்டெனா வேண்டும்; ஆன்டெனாவைத் திருத்தவோ குறையற்ற திடல் வேண்டும்!

1982இல் ஐபிஎம் பொறியாளர் ஆல்பர்ட் ஸ்மித் ஒரு வழி காட்டினார். மூன்று ஆன்டெனாக்களை இரண்டிரண்டாக எதிரெதிரே நிறுத்தி மூன்று முறை அளந்தால் மூன்று சமன்பாடுகள் கிடைக்கும்; அறியவேண்டியவையும் மூன்றே. உலோகத் தரையில் பட்டுத் திரும்பும் அலையையும் அவர் கணக்கில் சேர்த்தார். ஆயினும் இம்முறைக்கும் நல்ல திடல் தேவை. வட்டம் உடையவில்லை, சுருங்கிற்று என்பதே என் கருத்து.

திடலில் அலை மெலியும் அளவு, கோட்பாட்டு மதிப்பிலிருந்து 4 டெசிபலுக்கு மேல் விலகலாகாது என்பது பின்னர் விதியாயிற்று. அந்த நான்கில் திடலின் குறைகளுக்கு ஒதுக்கப்பட்டது 1 டெசிபல்தான். எஞ்சியது ஆன்டெனாக்களுக்கும் அளவுக்கருவிகளுக்கும்.