மார்பக நலம்: சீன மருத்துவமும் கைவைத்தியமும் எதுவரை உதவும்?

மார்பகத்தில் வலி வந்தாலும் கட்டி தட்டுப்பட்டாலும் அதை வெளியே சொல்ல நம் பெண்கள் பலர் தயங்குகிறார்கள். கணவரிடமோ உம்மாவிடமோ சொல்வதற்கே மாதங்கள் ஓடிவிடுகின்றன. அந்த இடைவெளியில்தான் வாட்ஸ்அப்பில் சீன அக்குபிரஷர், மூலிகைத் தேநீர், 'கட்டியைக் கரைக்கும்' மசாஜ் என்று வகைவகையான செய்திகள் வந்து சேருகின்றன. இவற்றில் சில நல்லவை. சில வீண் செலவு. சில ஆபத்தானவை. எது எந்த வகை என்று தெரிந்துகொள்வது வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் நல்லது.

சீன மருத்துவம் மார்பகத்தைத் தனி உறுப்பாகப் பார்ப்பதில்லை. கல்லீரல் பாதை, இரைப்பைப் பாதை என்ற இரு ஓட்டங்கள் அதன் வழியே செல்வதாக அது சொல்கிறது. கோபம், கவலை, வெளியே சொல்லாமல் அடக்கிய மனக்குறை ஆகியவற்றால் 'சீ' எனப்படும் உயிர்ச்சக்தி கல்லீரல் பாதையில் தேங்குகிறது என்றும், மாதவிடாய்க்கு முன் மார்பு கனத்து வலிப்பதும் சிறு முடிச்சுகள் தோன்றுவதும் அந்தத் தேக்கத்தால்தான் என்றும் அவர்களின் விளக்கம். இங்கே கல்லீரல் என்பது ஸ்கேனில் தெரியும் கல்லீரல் அல்ல. "உன் கல்லீரல் கெட்டிருக்கிறது" என்று யாராவது சொன்னால் பயந்துவிட வேண்டாம்.

நவீன மருத்துவம் இதே வலியை ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்களின் ஏற்ற இறக்கத்தோடு சேர்த்துப் பார்க்கிறது. மாதவிடாய் வந்ததும் குறைந்துவிடும் இத்தகைய வலி பெரும்பாலும் புற்றுநோயின் அடையாளம் அல்ல. இந்த வலிக்கு வீட்டிலேயே செய்யக்கூடியவை உண்டு. சரியான அளவில், நன்றாகத் தாங்கும் உள்ளாடை அணிவதே முதல் மருந்து. பலர் பிரசவத்துக்கு முன் வாங்கிய அளவையே பல ஆண்டுகள் அணிகிறார்கள். வெதுவெதுப்பான ஒத்தடம், தினசரி நடை, போதிய தூக்கம் ஆகியவையும் உதவும்.

அக்குபிரஷர் செய்ய விரும்புவோர் இரண்டு புள்ளிகளைத் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று 'தாய்சோங்': பாதத்தின் மேற்புறம், கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே மேல்நோக்கித் தடவிச் சென்றால் எலும்புகள் சேருமிடத்துக்குச் சற்று முன்னால் வரும் பள்ளம். மற்றொன்று 'நெய்குவான்': மணிக்கட்டின் உட்புற ரேகையிலிருந்து மூன்று விரல் அகலம் மேலே, இரு தசைநாண்களுக்கு நடுவில். ஒவ்வொன்றையும் ஓரிரு நிமிடம், வலிக்காத அளவு அழுத்தி நிதானமாக மூச்சு விட்டால் மனம் தளர்வடையும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். கட்டி உள்ள இடத்தையே அழுத்திப் பிசைவது கூடாது. கர்ப்பிணிகள் பயிற்சி பெற்றவரின் ஆலோசனை இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம். பிரசவ வலியைத் தூண்டும் என்று சீன மருத்துவமே தவிர்க்கச் சொல்லும் புள்ளிகள் உள்ளன.

இந்த நெய்குவான் புள்ளிக்கு வேறொரு பயனும் உண்டு. அறுவை சிகிச்சைக்குப் பிறகும் கீமோதெரபியின்போதும் வரும் குமட்டலுக்கு அக்குபங்சர் பலன் தருகிறது என்று அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய நிபுணர் குழு 1997-ல் ஏற்றுக்கொண்டது. மார்பகப் புற்றுநோய்க்கு ஹார்மோன் தடுப்பு மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு வரும் மூட்டு வலியை அக்குபங்சர் ஓரளவு குறைப்பதாக, 226 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2018-ல் வெளியானது. சீன மருத்துவம் மெய்யாகவே கைகொடுக்கும் இடம் இதுதான்: சிகிச்சைக்குத் துணையாக நிற்பது. சிகிச்சைக்குப் பதிலாக நிற்கப் போனால் கதை மாறிவிடுகிறது. அதே 2018-ல் வெளியான மற்றொரு அமெரிக்க ஆய்வில், வழக்கமான சிகிச்சையை விட்டுவிட்டு மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பிய மார்பகப் புற்றுநோயாளிகளின் இறப்பு அபாயம் ஐந்து மடங்குக்கும் மேலாக இருந்தது.

உணவுக்கு வருவோம். சோயாவில் ஈஸ்ட்ரோஜன் போன்ற பொருள் இருப்பதால் அதைத் தொடவே கூடாது என்று சொல்வோர் உண்டு. ஷாங்காயில் மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 5,042 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2009-ல் வெளியான ஆய்வில், சோயா உணவு அதிகம் சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்புவதும் இறப்பும் குறைவாகவே இருந்தன. டோஃபு, சோயா பால் போன்ற உணவுகளுக்குத்தான் இது பொருந்தும், மாத்திரைகளுக்கு அல்ல. கிரீன் டீ நல்ல பானம்தான். ஆனால் புற்றுநோயைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

மூலிகை மருந்துகளில் நம் குடும்பங்கள் இரண்டு விதமாகக் கவனிக்க வேண்டும். முதலாவது, உள்ளே என்ன இருக்கிறது என்பது. தாய்ப்பால் சுரக்கவும் மார்பகக் கட்டிக்கும் சீனாவில் காலங்காலமாகக் கொடுக்கப்பட்ட ஒரு மருந்து எறும்புத்தின்னியின் செதில். 2020-ல்தான் சீன அரசின் மருந்து நூலிலிருந்து அது நீக்கப்பட்டது. பெண்களுக்கு ரத்தம் ஊற என்று விற்கப்படும் 'எஜியாவோ' கழுதைத் தோலைக் காய்ச்சி எடுத்த பசை. சில கஷாயங்கள் மதுவில் ஊறவைத்துத் தயாரிக்கப்படுபவை. ஹலால் பேணுவோர் லேபிளைப் படிக்காமல் வாங்கக்கூடாது. லேபிளே இல்லாத பொடியை வாங்கவே கூடாது.

இரண்டாவது, மற்ற மருந்துகளோடு மோதுவது. பெண்களுக்கான டானிக்காக விற்கப்படும் 'டாங் குய்' வேர், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரையோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு ஏற்படலாம். டமாக்சிஃபென் சாப்பிடுபவர்கள் எந்த மூலிகையையும், மஞ்சள் சத்து மாத்திரையைக்கூட, மருத்துவரைக் கேட்காமல் சேர்க்கக்கூடாது. குழம்பில் போடும் மஞ்சளைப் பற்றிச் சொல்லவில்லை. அதைத் தாராளமாகப் போடுங்கள்.

தடுப்பு என்று பார்த்தால் நம் கையில் இருப்பவை எளிமையானவை. 30 நாடுகளின் 47 ஆய்வுகளைத் தொகுத்து 2002-ல் வெளியான கணக்குப்படி, தாய்ப்பால் கொடுக்கும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் மார்பகப் புற்றுநோய் அபாயம் சுமார் 4.3 சதவீதம் குறைகிறது. இரண்டு ஆண்டு பாலூட்டும் வழக்கம் உள்ள நம் சமூகத்தில் இது தாய்க்கும் கிடைக்கும் நன்மை. வாரம் 150 நிமிடமாவது வேர்க்கும் அளவு நடை, மாதவிடாய் நின்ற பிறகு எடை கூடாமல் பார்ப்பது ஆகியவையும் சேரும். ஆனால் இவ்வளவும் செய்தவர்களுக்கும் நோய் வரலாம். ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பெண் என்பதும் 40 வயதைக் கடந்தது என்பதும் தவிர வேறு காரணமே தெரிவதில்லை. "அவள் என்ன சாப்பிட்டாளோ" என்று பேசுவதை விட்டுவிடலாம்.

சுயபரிசோதனை பற்றியும் ஷாங்காயில் ஒரு பெரிய பாடம் கிடைத்தது. சுமார் 2,66,000 ஜவுளித் தொழிலாளப் பெண்களில் பாதிப் பேருக்கு முறையாகச் சுயபரிசோதனை கற்றுக்கொடுத்து பத்து ஆண்டுகளுக்கு மேல் கவனித்தார்கள். கற்றவர்களில் 135 பேரும் கற்காதவர்களில் 131 பேரும் மார்பகப் புற்றுநோயால் இறந்தார்கள். ஆக, கைப்பரிசோதனை மட்டும் உயிர் காக்கவில்லை. மும்பையில் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதித்தபோது, 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் இறப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. ஆகவே உங்கள் உடலின் இயல்பைத் தெரிந்து வைத்திருங்கள். பரிசோதனையைப் பயிற்சி பெற்றவரிடம் விடுங்கள். 30 வயதைக் கடந்தவர்கள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இதைக் கேட்கலாம். மேமோகிராம் எப்போது தேவை என்பதை வயதையும் குடும்ப வரலாற்றையும் வைத்து மருத்துவர் சொல்வார். உம்மா, சகோதரிக்கு இந்நோய் இருந்திருந்தால் முன்கூட்டியே போக வேண்டும்.

வலியில்லாத கெட்டியான கட்டி, ஆரஞ்சுத் தோல்போலக் குழிவிழும் சருமம், புதிதாக உள்ளே இழுக்கும் காம்பு, அதிலிருந்து ரத்தம், அக்குளில் கட்டி: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த மாதவிடாய் வரட்டும், பெருநாள் முடியட்டும் என்று தள்ளாதீர்கள். பெரும்பாலான கட்டிகள் சாதாரணமானவையே. ஆனால் அதை ஸ்கேனும் தேவைப்பட்டால் ஊசிப் பரிசோதனையும்தான் சொல்ல முடியும். பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை, முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். போகும்போது வீட்டில் சாப்பிடும் மாத்திரை, கஷாயம், பொடி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.