தேனீக்களின் ஆடலும் இலங்கைத் தீவும்

மெல்லிய கொம்பொன்றைச் சுற்றி உள்ளங்கையளவான ஒற்றை அடையைக் கட்டி வாழும் சிறு தேனீயை வறண்ட நிலத்தவராகிய நாம் அறிவோம். கொம்புத்தேன் என்பர். அதன் தேனை விரும்பியோர் பலர். அடையின் உச்சியில் அது ஆடும் ஆடலை நின்று நோக்கியோர் மிகச் சிலரே. விஞ்ஞான வரலாற்றிலே அவ்வாடலுக்கு ஓரிடமுண்டு. அவ்விடத்தைப் பெற்றுத் தந்த ஆராய்ச்சி நம் இலங்கையிலேயே நிகழ்ந்தது.

தேனீயின் ஆடலை ஆராய்ந்த ஒஸ்திரியரான கார்ல் வொன் பிரிஷ், வட்ட ஆடல் தேனையும் வாலசைத்தாடல் மகரந்தத்தையும் குறிக்கும் என 1920களில் எழுதினார். ஏறக்குறைய இருபதாண்டுகளின் பின், அது பிழையெனக் கண்டவரும் அவரே. தம் கூற்றைத் தாமே மறுக்கும் துணிவு அறிஞர் எல்லோர்க்கும் வாய்ப்பதன்று. வாலசைத்து ஓடும் நேரோட்டம் உணவின் திசையையும் தூரத்தையும் உணர்த்துகின்றதென அவர் நிறுவினார். ஐரோப்பியத் தேனீயின் கூடு இருண்டது. அடையோ நிலைக்குத்தாய்த் தொங்குவது. ஆங்கே சூரியன் தோன்றாமையால், மேல்நோக்கிய திசையே சூரியனின் திசையாகக் கொள்ளப்படுகின்றது. உணவு சூரியனுக்கு வலப்புறம் 60 பாகையில் இருப்பின், ஓட்டமும் நிலைக்குத்திலிருந்து வலப்புறம் 60 பாகை சரியும்.

இத்துணை அரிய குறியீடு ஒரு பூச்சிக்கு எங்ஙனம் வாய்த்தது? ஐரோப்பியத் தேனீயை மட்டும் நோக்கின் விடை கிடையாது. அதன் உறவினங்கள் வாழும் ஆசியாவிலேதான் தேடல் வேண்டும்.

அதனைத் தேடி வந்தவர் பிரிஷின் மாணாக்கர் மார்ட்டின் லின்டவர். 1942இல் ருசியப் போர்முனையிலே காயமுற்றுத் திரும்பியவர், ஓய்வுக் காலத்தில் பிரிஷின் விரிவுரையொன்றைக் கேட்டு இத்துறையிற் புகுந்தார். 1950களின் நடுவிலே இலங்கைக்கு வந்து, பொந்துத் தேனீ, மலைத்தேனீ, கொம்புத்தேனீ ஆகிய மூன்றையும் ஒப்பிட்டாராய்ந்து, முடிபுகளை 1956இல் வெளியிட்டார்.

பொந்துத் தேனீ ஐரோப்பிய இனத்தைப் போன்றே இருளில் ஆடிற்று. மலைத்தேனீ வானந் தோன்றும் வெளியில் வாழினும் நிலைக்குத்தான அடையிலேயே ஆடிற்று. கொம்புத்தேனீயோ அடையின் உச்சியாகிய கிடைமேடையில் நின்று, உணவிருக்கும் பக்கத்தையே நேராகச் சுட்டி ஓடிற்று. லின்டவர் அடையைத் திருப்பி அம்மேடையை நிலைக்குத்தாக்கினார். ஆடிய தேனீக்கள் ஆடலை நிறுத்தி, புதிதாய் மேலே வந்த பக்கத்திற்குச் சென்று மீண்டும் ஆடின. புவியீர்ப்பைச் சூரியனுக்கு ஈடாகக் கொள்ளும் வழக்கம் அவற்றிடம் இல்லை. நேரே சுட்டும் ஆடலே முந்தியது, இருட்கூட்டின் குறியீடு பிந்தியது என்னும் கருத்து இவ்வாறே வலுப்பெற்றது.

வானந் தெரியாவிடின் கொம்புத்தேனீ திசை சுட்டாது என்னும் கூற்றைப் பிரெட் டையர் 1985இல் திருத்தினார். அது சரிவிலும் ஆடும். வானம் மறைந்தால் நிலத்து அடையாளங்களைக் கொண்டும் திசை காட்டும். எனினும் புவியீர்ப்பைத் துணைக்கொள்வதில்லை என்பதை அவரும் உறுதிசெய்தார்.

பிரிஷ் 1973இல் நோபல் பரிசு பெற்றார். அவர் ஐரோப்பியத் தேனீயின் ஆடலைக் காண்பதற்குக் கண்ணாடிச் சுவரமைந்த கூடு செய்யவேண்டியிருந்தது. கொம்புத்தேனீயின் மேடையோ திறந்த வெளியிலேயே இருக்கின்றது. காலை வெயிலிற் சற்றே விலகி நின்று நோக்கும் காரைநகர் மாணவனுக்குக் கூடும் வேண்டா, நுணுக்குக்காட்டியும் வேண்டா.