பிடித்த மீன் ஊருக்கே சொந்தம் - டோக்கெலாவ் தீவுகளில் வாழ்க்கை எப்படி?

கடலுக்குப் போனவர் வெறுங்கையோடு திரும்பினால் அன்றைக்கு வீட்டில் என்ன சமைப்பது? வயதாகிவிட்டது, படகே ஏற முடியாது என்றால் யார் மீன் கொடுப்பார்?

பசிபிக் பெருங்கடலில் உள்ள டோக்கெலாவ் தீவுகளில் இந்தக் கவலைக்கு ஒரு பதில் இருக்கிறது. அதன் பெயர் 'இனாத்தி'. பங்கு என்று பொருள்.

எங்கே இருக்கு?

சமோவாவுக்கு வடக்கே சுமார் 500 கிலோமீட்டர் தூரத்தில். அத்தாஃபு, நுக்குனோனு, ஃபக்காவ்ஃபோ என மூன்று பவளத்தீவுகள். ஒவ்வொன்றும் வளையம்போல் அமைந்த சின்னச் சின்னத் திட்டுகள், நடுவே காயல்.

மூன்றையும் சேர்த்தாலும் நிலப்பரப்பு கிட்டத்தட்ட நம் புலாவ் ஊபின் அளவுதான். 2016இல் அங்கு வசித்தவர்கள் சுமார் 1,500 பேர். நியூசிலந்தின் ஆட்சிப்பகுதி அது.

விமான நிலையம் கிடையாது. சமோவாவின் ஆப்பியா நகரிலிருந்து கப்பலில் ஒரு நாளுக்கும் மேல் பயணம் செய்யவேண்டும்.

என்ன சாப்பிடுறாங்க?

மண் வளமில்லை, ஆறும் இல்லை. மழைநீரைக் கூரையிலிருந்து தொட்டியில் சேமிக்கிறார்கள். மீன், தேங்காய், ஈரப்பலா ஆகியவை பழைய உணவு. தரையில் குழி தோண்டி, இலைதழை போட்டு, 'புலாக்கா' எனும் கிழங்கை வளர்ப்பதும் உண்டு. இப்போது அரிசியும் மாவும் கப்பலில் வருகின்றன.

முன்பு 'கனாவா' மரத்தில் செய்த துடுப்புப் படகில் மீன் பிடித்தார்கள். இன்று இயந்திரம் பொருத்திய அலுமினியப் படகுகள் வந்துவிட்டன.

இனாத்தி எப்படி நடக்குது?

ஊரார் சேர்ந்து பிடித்த மீன் ஒரே இடத்தில் கொட்டப்படும். பொறுப்பாளர்கள் அதைக் குடும்பவாரியாகப் பிரித்து வைப்பார்கள். குடும்பத்தில் எத்தனை பேர் என்பதுதான் கணக்கு. யார் பிடித்தார் என்பது கணக்கில் வராது. கைக்குழந்தைக்கும் பங்குண்டு, படுத்த படுக்கையாய் இருக்கும் பாட்டிக்கும் பங்குண்டு.

கடலாமை கிடைத்தால் அதையும் பங்கிடவேண்டும். தனியாக வைத்துக்கொள்ள முடியாது.

ஊர் முடிவுகளை எடுப்பது 'தவ்புலேகா' எனும் மூத்தோர் மன்றம். உடல் உழைப்புக்கு ஆண்களின் குழுவான 'அவ்மாகா'.

பணம் வந்த பிறகு?

அரசாங்க வேலைகள் வந்தபோது சம்பளக்காரர், சம்பளம் இல்லாதவர் என ஊர் இரண்டாகப் பிரியத் தொடங்கியது. மீனைப் பங்கிடலாம். சம்பளத்தை எப்படிப் பங்கிடுவது?

அதைச் சமாளிக்க, ஊர் வேலை செய்யும் ஆண்களுக்கும் ஊதியம் கொடுக்கும் வழக்கம் வந்தது. பழைய ஏற்பாட்டை விட்டுவிடாமல், புதிய நிலைக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள்.

இனி என்ன ஆகும்?

2012இல் டீசலை விட்டுச் சூரியசக்தி மின்சாரத்துக்கு மாறிய இடம் டோக்கெலாவ். ஆனால் உயரமான இடமே கடல்மட்டத்திலிருந்து சில மீட்டர்தான். உப்புநீர் புகுந்தால் கிழங்குக் குழிகள் வீணாகும்.

மேற்படிப்பு, வேலை, மருத்துவம் என்று பலர் கிளம்பிவிடுகிறார்கள். நியூசிலந்தில் வாழும் டோக்கெலாவ் வம்சாவளியினர் 8,000க்கும் அதிகம். தீவுகளில் இருப்பவர்களைவிடப் பல மடங்கு.

படகு ஓட்டவும் மீன் பிடிக்கவும் இளையர்கள் இருந்தால்தான் பாட்டிக்குப் பங்கு கிடைக்கும். இனாத்தி நிலைப்பது அந்த இளையர்களின் கையில்தான் இருக்கிறது.