கடலைக் கட்டியவர்கள்

கடலை நம்பி வாழும் மக்கள் உலகில் எங்கிருப்பினும் அவர்கள் உள்ளத்தில் இரண்டு அச்சங்கள் குடிகொண்டிருக்கும். ஒன்று புயல், மற்றொன்று சுறா. புயல் வருமுன் வானம் அறிகுறி காட்டும். சுறாவோ அறிவிப்பின்றி வரும். ஆதலின் புயலுக்கு அஞ்சியோர் வானத்தைப் பார்த்தனர். சுறாவுக்கு அஞ்சியோர் தெய்வத்தைப் பார்த்தனர். இவ்வச்சம் ஒரு தொழிலையே தோற்றுவித்த வரலாறு தமிழகத்திற்கும் இலங்கைக்கும் இடைப்பட்ட மன்னார் வளைகுடாவிற்கு உரியது.

நம் பழந்தமிழர் சுறாவை நன்கு அறிந்திருந்தனர். காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் முழுநிலா நாளில் கடலுக்குச் செல்லாது, சுறாவின் கொம்பை நட்டு, அதில் தம் தெய்வத்தை ஏற்றி வழிபட்ட செய்தியைப் பட்டினப்பாலை கூறுகின்றது. சுறா திரியும் நீரில் மூழ்கி வலம்புரிச் சங்கெடுத்துத் திரும்பும் பரதவரைக் கொற்கை ஆரவாரத்தோடு எதிர்கொண்ட காட்சியை அகநானூற்றுப் பாடலொன்று தீட்டுகின்றது. அஞ்சத்தக்கதையே வணங்கத்தக்கதாகக் கொண்ட மனநிலை இங்கே புலனாகின்றது.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த வெனிசு நகரத்துப் பயணி மார்க்கோ போலோ, முத்துக்குளிப்பைப் பற்றி எழுதியுள்ள குறிப்பு ஈண்டு நினைக்கத்தக்கது. வணிகர்கள் தாம் எடுத்த முத்தில் பத்தில் ஒரு பங்கை அரசனுக்குச் செலுத்தினர். இருபதில் ஒரு பங்கை, பெருமீன்கள் குளிப்பவரைத் தாக்காதவாறு மந்திரத்தால் கட்டிவைக்கும் அந்தணர்க்கு அளித்தனர். அரசன் பெற்றதில் பாதியை மந்திரம் கூறுவோர் பெற்றனர் என்றால், அச்சத்தின் விலை எத்துணை என்பதை உணரலாம்.

அவர் கூறும் மற்றொரு செய்தி இன்னும் சிந்தனைக்குரியது. அம்மந்திரம் பகலுக்கு மட்டுமே உரியது. மாலையில் அது அவிழ்க்கப்படும். இரவு முழுதும் மீன்கள் தம் விருப்பம்போல் திரியலாம். இதனால் இரவில் எவரும் களவாகக் குளிக்கத் துணியவில்லை. குளிப்பவனைப் பகலில் காத்த மந்திரம், இரவில் அரசனின் உடைமையைக் காத்தது! காவலர் பலரை அமர்த்தியும் காக்க இயலாத கடலை ஓர் அச்சம் ஊதியமின்றிக் காவல் செய்தது எனலாம்.

இம்மந்திரக்காரரைத் தமிழர் ‘கடல்கட்டி’ என்று வழங்கினர். கடலைக் கட்டுபவர் என்பது அதன் பொருள். முத்துச் சலாபம் நடைபெறும் நாட்களில் மன்னார்ப் பகுதியிலுள்ள அரிப்புக் கரையில் ஆயிரக்கணக்கான மக்கள் கூடுவர். படகுகள் நள்ளிரவை ஒட்டித் தரைக்காற்றில் புறப்பட்டு, விடியற்காலையில் முத்துச்சிப்பி விளையும் ‘பார்’களை அடையும். குளிப்பவர் ஒரு கல்லைக் காலால் பற்றிக் கயிற்றின் துணையோடு ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்திற்கு இறங்குவார். ஏறத்தாழ ஒரு நிமிட நேரத்தில் கைக்கெட்டிய சிப்பிகளைக் கூடையில் வாரிக்கொண்டு மேலே வருவார். அவர் உயிர் மேலே கயிறு பிடித்திருப்பவர் கையில் இருந்தது. அவர் துணிவோ கரையில் நின்ற கடல்கட்டியின் வாயில் இருந்தது.

படகுகள் திரும்பும்வரை கடல்கட்டிகள் உண்ணாமலும் பருகாமலும் கரையில் நின்று மந்திரம் கூறவேண்டும் என்பது முறை. ஆயினும் அவர்கள் இடையிடையே கள்ளருந்துவதும் உண்டு என்று, 1803-இல் இலங்கையைப் பற்றி நூல் வெளியிட்ட இராபர்ட் பெர்சிவல் நகைச்சுவையோடு குறிப்பிடுகின்றார்.

1797-ஆம் ஆண்டுச் சலாபத்தை நேரில் கண்டெழுதிய ஐரோப்பியர் ஒருவர் ஒரு நிகழ்ச்சியைத் தருகின்றார். குளிப்பவர் ஒருவர் சுறாவால் காலை இழந்தார். தலைமைக் கடல்கட்டியை அழைத்துக் காரணம் கேட்டனர். தன்மேல் பகைகொண்ட கிழவி ஒருத்தி மலையாளக் கரையிலிருந்து வந்து எதிர்மந்திரம் செய்துவிட்டாள் என்பது அவர் மறுமொழி. மந்திரம் பொய்த்தபோதும் மந்திரத்தின்மேல் கொண்ட நம்பிக்கை பொய்க்கவில்லை. கால் இழந்தவர் நிலை என்னவாயிற்று என்பதைக் குறித்து வரலாறு வாய் திறக்கவில்லை.

சமயம் மாறியபோதும் இவ்வழக்கம் மாறவில்லை. முத்துக்குளித்துறைப் பரதவர் 1530-களில் கத்தோலிக்கத்தைத் தழுவினர். 1859-இல் இலங்கை வரலாற்றை வெளியிட்ட எமர்சன் டென்னன்ட், தம் காலத்துத் தலைமைக் கடல்கட்டி ஒரு கத்தோலிக்கர் என்று எழுதுகின்றார். அவர் நோயுற்றமையால் பதிலாள் ஒருவரை அனுப்பியிருந்தார். அப்பதிலாளோ, தமக்கு மந்திரம் தெரியாதென்றும், தலைவரின் சார்பாளராகத் தாம் நிற்பதைச் சுறாக்களே மதித்து ஒதுங்கும் என்றும் கூறினாராம்! ஆங்கில அதிகாரிகள் இதனை நம்பினாரல்லர். எனினும் கடல்கட்டி இல்லையேல் குளிப்பவர் நீரில் இறங்கார். இறங்காவிடில் அரசுக்கு வருவாய் இல்லை. ஆகவே நம்பாதவரும் இவ்வழக்கத்தைப் பேணினர்.

உண்மையில் சலாபங்களில் சுறாவின் தாக்குதல் மிக அரிதாகவே நிகழ்ந்தது. எண்ணற்ற படகுகளும், ஓயாத இரைச்சலும், கற்கள் நீரில் விழும் ஓசையும் சுறாக்களை விலக்கின என்பதே பொருத்தமான விளக்கம். அவ்வாறாயின் குளிப்பவரை வருத்தியவை எவை? நீரின் அழுத்தத்தால் செவிப்பறை கிழிதல், மூக்கிலும் காதிலும் குருதி வடிதல், மூச்சடங்குதல், கரையில் நெருக்கமாய் அமைந்த குடிசைகளில் பரவிய வாந்திபேதி ஆகியவையே. 1905-இல் இலங்கையில் எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அத்தனையும் மனிதர் மூச்சடக்கிக் கையால் வாரியவை. காணக்கூடிய பற்களுக்கு மந்திரம் தேடிய மாந்தர், காணமுடியாத கிருமிக்கும் அழுத்தத்திற்கும் காப்பின்றி நின்றனர். அஞ்சவேண்டியதற்கு அஞ்சுதலே அறிவு என்பது வள்ளுவர் கருத்து. எதற்கு அஞ்சவேண்டும் என்று அறிவதே அதனினும் அரிது.

இதனால் கடல்கட்டியை எள்ளி நகையாடுதல் தகாது. மந்திரம் சுறாவைக் கட்டவில்லை. மனிதனின் நடுக்கத்தைக் கட்டிற்று. நடுக்கம் கொண்டவனால் மூச்சடக்க இயலாது. வறுமை பிடித்துத் தள்ள, ஆழத்தில் இறங்கியே தீரவேண்டியிருந்தவனுக்கு அவ்வொரு சொல்லே துணையாயிற்று. குறை கூறவேண்டுமாயின், அந்தச் சொல்லுக்கு மேல் வேறெந்தக் காப்பும் அளிக்காது முத்தை மட்டும் எண்ணி வாங்கியோரையே கூறவேண்டும்.

தூத்துக்குடியில் 1961-இல் நடந்ததே கடைசிப் பெருங்குளிப்பாயிற்று. பார்கள் வளம் குன்றின. சப்பானியர் வளர்த்த முத்துகள் சந்தையை நிரப்பின. கடல்கட்டிகளும் மறைந்தனர். சுறாவைப் பற்றிய அச்சம் மட்டும் மறையவில்லை. 1975-இல் வெளிவந்த ‘சாஸ்’ என்னும் அமெரிக்கத் திரைப்படம் கடலையே காணாதோர் உள்ளத்திலும் அதனை விதைத்தது. ஆயினும் இன்று அறியப்பட்டுள்ள ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட சுறா வகைகளுள் மனிதர்க்குத் தீங்கு விளைப்பவை மிகச் சிலவே. உலகெங்கும் ஓராண்டில் சுறாவின் தாக்குதலால் இறப்போர் பெரும்பாலும் பத்துப் பேருக்கும் குறைவு. மனிதர் கொல்லும் சுறாக்களோ பல கோடி. 1970-க்குப் பின் பெருங்கடல் சுறாக்களும் திருக்கைகளும் 71 விழுக்காடு குறைந்துவிட்டதாக 2021-இல் வெளிவந்த ஆய்வு தெரிவிக்கின்றது. அவற்றின் துடுப்புகள் நம் வட்டாரத்து விருந்து மேசைகளிலும் சாறாக வைக்கப்படுகின்றன.

அன்று மனிதனைச் சுறாவிடமிருந்து காக்கக் கரையில் ஒருவர் உண்ணாமல் நின்றார். இன்று சுறாவை மனிதனிடமிருந்து காக்க, அதனை உண்ணாமல் இருப்பாரே வேண்டும்.